மூப்பரின் மணிக்கூடு

எங்கள் பங்குக் கோயிலில் மணி அடிக்கும் மூப்பர் கயிற்றை இழுத்தால்தான் வருடம் பிறக்கும். சுவிஸ் மணிக்கூடு கட்டியிருந்த டாக்குத்தர்கூட, மூப்பரின் மணி கேட்ட பிறகுதான் பக்கத்தில் நின்றவருக்குக் கை கொடுப்பார்.

எந்தப் பங்கு என்று கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர்ப் பக்கத்துக் கடலோரம் என்பதோடு விடுகிறேன். பெயரைச் சொன்னால் மூப்பர் யாரென்று பத்திரிசியார் கல்லூரியில் படித்த பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருடைய பேரப்பிள்ளைகளும் இந்த மலரை வாசிக்கக் கூடும்.

நான் பூசைக்கு உதவத் தொடங்கியது எண்பதுகளின் நடுப்பகுதியில். டிசம்பர் விடுமுறைக்கு விடுதிப் பெடியள் ஊருக்குப் போய்விடுவதால், வருடக் கடைசி வேலையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளான எங்கள் தலையில் விழும். 31ஆம் திகதி இரவு பதினொரு மணிக்கு நற்கருணை ஆராதனை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் விரித்த பாய்களில் சிறுசுகள் நித்திரை. நாங்கள் அங்கியைப் போட்டுக்கொண்டு தூபக்கலசத்துக் கரியை ஊதிக்கொண்டிருப்போம். ஊதிய வேகத்தில் ஒருமுறை என் புருவம் கருகியது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

ஆராதனைக்கு நடுவில் பங்குத்தந்தை அந்த ஆண்டுக் கணக்கை வாசிப்பார். காசுக் கணக்கு அல்ல. இத்தனை திருமுழுக்கு, இத்தனை முதல் நன்மை, இத்தனை கல்யாணம், இத்தனை அடக்கம். மற்றவை எண்ணோடு போய்விடும். அடக்கம் செய்யப்பட்டவர்களை மட்டும் பெயர் சொல்லி வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் கோயிலின் ஏதோவொரு மூலையில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். எந்த மூலையில் கேட்கும் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். பிறகு தே தேயும் என்ற நன்றிப் பாட்டு. பாட்டுக்குழு அதைத் தமிழில் தொடங்க, முன்வரிசைக் கிழவர்கள் இரண்டு மூன்று பேர் அதைக் கவனிக்காமல் லத்தீனில் போய்க்கொண்டிருப்பார்கள். எப்படியோ இரண்டும் முடிவில் ஒரே இடத்தில் வந்து சேரும்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க விளக்குகளை அணைப்பார்கள். மூப்பர் மணிக்கூண்டின் அடியில் ஒரு கையில் கயிறும் மறுகையில் டோர்ச்சுமாக நிற்பார். டோர்ச்சு வெளிச்சம் மணிக்கட்டில். என் இடம் பூசை உடுப்பு மாற்றும் அறையான சக்றீஸ்தின் வாசல். அங்கிருந்து பார்த்தால் மூப்பரும் தெரிவார், பீடமும் தெரியும். அவர் தலையசைத்தால் நான் பீடத்தைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். மணி விழ, விளக்கு எரிய, ‘உன்னதங்களிலே’ தொடங்க, வெளியில் சீன வெடி கிளம்ப, பாயில் கிடந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றாகக் கத்தும். இந்த ஏற்பாடு முழுவதும் என் கழுத்தில் தொங்கியது என்ற நினைப்பு எனக்குப் பதினைந்து வயதுவரை இருந்தது.

பூசை முடிந்து எல்லோரும் பாலன் சொரூபத்தை முத்தி செய்ய வரிசையில் வருவார்கள். ஒவ்வொரு முத்தத்துக்கும் பிறகு பாலனின் காலைத் துணியால் துடைப்பதும் நாங்கள்தான். காலையில் இன்னொரு பூசை. அதன் பிறகு கரையில் நிற்கும் வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் தீர்த்தம் தெளிப்பு. ஜனவரி 1 மரியா இறைவனின் தாய் பெருவிழா, பூசைக்குப் போயே ஆகவேண்டிய கடன் திருநாள். 1969இல் திருவழிபாட்டு நாட்காட்டி மாறும்வரை அது வேறு பெயரில் இருந்தது. என் பெரியம்மா கடைசிவரை ‘விருத்தசேதனத் திருநாள்’ என்றே சொன்னா. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்டபோது பலகாரத் தட்டை நீட்டினா.

அந்தத் தட்டுகளில் ஒன்று என் வகுப்புத் தோழன் வீட்டுக்கும் போகும். பயத்தம் பணியாரமும் சிப்பியும் கேக் துண்டுமாக. அவன் சைவம். “உங்கட வருஷம் லேசு மச்சான், எல்லா வருஷமும் பன்னிரண்டு மணிக்கே வரும். எங்கட வருஷம் சித்திரையில எத்தனை மணிக்குப் பிறக்குமெண்டு பஞ்சாங்கம் பாத்தாத்தான் தெரியும். அதிலயும் வாக்கியம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும்” என்பான். நாங்கள் சிரிப்போம். பன்னிரண்டு மணியும் இரண்டாகும் என்று அப்போது தெரியாது.

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் வருவதில்லை. மண்ணெண்ணெய் தங்கம். வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு. அந்த டிசம்பரில், நடுச்சாமத்தில் சனத்தைக் கூட்டினால் மேலே சுற்றுகிறவனுக்கு வெளிச்சம் தெரியும் என்று பங்குத்தந்தை பூசையைப் பின்னேரத்துக்கு மாற்றினார். அறிவித்தல் வாசித்த ஞாயிறு, பூசை முடிந்ததும் மூப்பர் சக்றீஸ்துக்குள் வந்து நின்றார்.

“பூசையை எப்ப வேணுமெண்டாலும் வையுங்கோ சுவாமி. வருஷம் பன்னிரண்டுக்குத்தான் பிறக்கும்.”

“வெளிச்சம் இல்லாமல் மணியை மட்டும் அடிப்பீங்களோ?”

“மணிக்கு என்னத்துக்கு வெளிச்சம்?”

பங்குத்தந்தை ஒன்றும் சொல்லவில்லை. மூப்பர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

சிக்கல் மணிக்கூட்டில்தான். அவருடையது சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடு. ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பின்னுக்குப் போகும். முன்பெல்லாம் வானொலிச் செய்திக்கு முன் வரும் ‘பீப்’ சத்தத்தில் அதைச் சரி பார்ப்பார். இப்போது வானொலிக்குப் பற்றரி இல்லை. அதற்கு அந்தக் காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதும் கைக்கொண்ட வழி உங்களுக்குத் தெரியும்: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை வானொலியில் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவது. ஊர் சுற்றியது இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்க. நாங்கள் சுற்றியது மூப்பரின் மணிக்கூட்டுக்கும் சேர்த்து. கை தளர்ந்தால் லண்டன்காரரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும், வேகம் பிடித்தால் ஏறி வரும். “ஒரே சீராச் சுத்தடா, நேரம் ஆடுது” என்பார் மூப்பர். நேரம் ஆடாது, சத்தம்தான் ஆடும் என்று நான் விளக்கினேன். கல்லூரியில் பௌதிகம் படிக்கிற திமிர். அவர் காதில் வாங்கவில்லை.

அன்று இரவு பதினொன்றரைக்கு இரண்டு பேரும் கோயிலுக்குப் போனோம். நிலவு இருந்ததா என்று நினைவில்லை. மணிக்கூண்டின் அடியில் நின்று, வேட்டித் தலைப்புக்குள் தீக்குச்சியைப் பற்றவைத்து மணிக்கட்டைப் பார்ப்பார். ஒரு குச்சி, இரண்டு குச்சி, மூன்றாவது குச்சியில் கயிற்றை இழுத்தார்.

எங்கள் கரையில் நேரமல்லா நேரத்தில் மணி அடித்தால் அதற்கு வேறு அர்த்தம் உண்டு என்பதை நானும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. கடலில் ஆபத்து, அல்லது நேவி வருகிறது, ஓடு. நாங்கள் புதுவருடத்தை அடித்துக்கொண்டிருக்க, கோயிலடி ஒழுங்கையில் ஏழெட்டுக் குடும்பம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டது. அரை மணித்தியாலம் கழித்துத்தான் யாரோ ஒரு கிழவிக்கு, “எடி, இண்டைக்கு என்ன திகதி?” என்று கேட்கத் தோன்றியிருக்கிறது. அடுத்த ஞாயிறு மூப்பருக்குக் கிடைத்த வாழ்த்துகளை இந்த மலரில் அச்சடிக்க முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு அதே ஒழுங்கைச் சனம் மணியை எதிர்பார்த்து முற்றத்தில் விழித்திருந்தது. பங்கரில் இருந்துகொண்டே வாழ்த்துச் சொன்ன கதையைப் பெருமையாகவும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

ஜனவரி 1ஐ உலக சமாதான நாளாகக் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கியவர் ஆறாம் பவுல் பாப்பரசர், 1968இல். ஒவ்வொரு ஆண்டும் பாப்பரசரின் சமாதானச் செய்தியிலிருந்து சில பகுதிகளைப் பங்குத்தந்தை வாசிப்பார். தொண்ணூறுகளில் அதை வாசிப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எங்கள் கவலை, செய்தி நீளமா கட்டையா என்பது மட்டும்தான்.

ஆண்டுக் கணக்கும் மெல்ல மாறியது. 1993 நவம்பரில் குருநகர் புனித யாகப்பர் ஆலயத்தின் மேல் குண்டு விழுந்தது. அந்த டிசம்பர் 31இல் எங்கள் பங்குத்தந்தை பக்கத்துப் பங்கின் பெயர்களையும் சேர்த்தே வாசித்தார். கல்யாணங்கள் குறைந்தன, மாப்பிள்ளைகள் ஊரில் இல்லை. வெளிநாடு போனவர்களுக்குப் பங்கு ஏட்டில் கட்டம் கிடையாது. திருமுழுக்குக்கு ஓர் ஏடு, திருமணத்துக்கு ஒன்று, இறப்புக்கு ஒன்று, திருச்சபைச் சட்டம் கேட்பது அவ்வளவுதான். பூசைக்கு உதவிய பன்னிரண்டு பேரில் மூன்று பேராகக் குறைந்தோம். அது எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அந்த ஏடுகளை நான் தூக்கியும் இருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30, இராணுவம் நெருங்கி வர வலிகாமமே ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த நாள். மழை. பங்குத்தந்தை ஏடுகளைப் பொலித்தீனில் சுற்றி யூரியா உரப்பையில் போட்டார். அந்தப் பை என் சைக்கிள் கரியரில். மூப்பர் பக்கத்தில் நடந்தார். அவர் கொண்டுவந்த சாமான் ஒன்றுதான்: மணிக்கயிறு. மணியைக் கழற்ற நேரமில்லை, கயிற்றையாவது விட்டுவரக் கூடாது என்று வெட்டி எடுத்து இடுப்பில் சுற்றியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பாலத்தில் அன்று யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

1996 புதுவருடம் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில். வகுப்பறைக்கு ஐந்தாறு குடும்பம். மாமரத்தில் பள்ளிக்கூட மணியாகத் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. ரயில் நின்று ஐந்து ஆண்டுக்கு மேல், தண்டவாளங்கள் பங்கருக்குப் போய்விட்டன. இது தப்பிய துண்டு. பன்னிரண்டு மணிக்கு மூப்பர் இரும்புக் கம்பியால் அதில் அடித்தார். கோயில் மணி மாதிரி அது இழுத்து ஒலிக்காது, ‘டங்’ என்று உடனே செத்துவிடும். ஆனாலும் இருட்டுக்குள் சனம் எழும்பி நின்றது. அன்று ஆண்டுக் கணக்கு வாசிக்கவில்லை.

1996 நடுப்பகுதியில் ஊர் திரும்பினோம். கோயில் நின்றது, மணியும் இருந்தது. மூப்பர் கயிற்றை முடிந்தார். அந்த மே மாதம் அரசாங்கம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பிக் கொடுத்தது. ‘புது நேரம்’, ‘பழைய நேரம்’ என்று கேட்டுக் கேட்டுத்தான் எல்லாம் நடந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். மூப்பரும் அப்படித்தான். அரசியல் எதுவும் இல்லை. “சூரியனைக் கேக்காமல் இவங்கள் என்னெண்டு மாத்தினவங்கள்?” என்பதுதான் அவருடைய வாதம். பூசை மணிகளைப் புது நேரத்துக்கு அடிப்பார், ஆனால் கையில் இருந்த மணிக்கூட்டைத் தொடவில்லை, மனதில் அரை மணியைக் கூட்டிக்கொள்வார். அந்த ஆண்டு ராவில் ஊரடங்கு. பூசை பின்னேரம் முடிந்தது, புதுவருடம் எந்த நேரத்துக்குப் பிறக்கிறது என்ற சண்டைக்கு இடமில்லாமல் போனது.

1997இல் கனடாவுக்கு வந்தேன். புறப்படுமுன் திருமுழுக்குச் சான்றிதழ் எடுக்கப் போனபோது, உரப்பையில் வந்த அதே ஏட்டைப் பங்குத்தந்தை விரித்தார். என் பெயருக்கு மேல் மழைத்தண்ணீர் காய்ந்த வட்டம்.

போர்நிறுத்தம் வந்த 2002 டிசம்பரில் நடுச்சாமப் பூசை மறுபடி நடுச்சாமத்துக்கு வந்தது. அக்கா வீட்டில் தொலைபேசியும் வந்தது. வீட்டு யன்னலுக்கும் மணிக்கூண்டுக்கும் இடையில் ஒரு மதில்தான். டொரோண்டோவில் 31ஆம் திகதி மத்தியானம் ஒரு மணிக்கு, வேலையிடத்துச் சாப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி அட்டையைச் சுரண்டி எண்களை அமத்துவேன். அக்கா ரிசீவரை யன்னலில் வைப்பா. மணி கேட்கும். பக்கத்து மேசையில் பிலிப்பைன்ஸ்காரி சூப் குடித்துக்கொண்டிருப்பா. 2004இல் மட்டும் மணி வேறு மாதிரி அடித்தது, ஒன்று, நிறுத்தி, இன்னொன்று. கடல் வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அது வருடப் பிறப்புக்கும் துக்க மணிக்கும் நடுவில் மூப்பர் கண்டுபிடித்த ஏதோ ஒன்று.

மூப்பர் 2006 பெப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். அந்த ஏப்ரலில் அரசாங்கம் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்கு எடுத்துப் பழைய நேரத்துக்குத் திரும்பியது. பத்து ஆண்டு பிடிவாதம் இரண்டு மாதத்தில் தோற்றுப்போனது என்று சொல்வதா, வென்றது என்று சொல்வதா?

அந்த 31ஆம் திகதி இதெல்லாம் மறந்து வழக்கம்போல ஒரு மணிக்கே எடுத்துவிட்டேன்.

“என்னடா, நேரம் மாறினது மறந்திட்டியோ? இன்னும் அரை மணி கிடக்கு” என்றா அக்கா.

“பரவாயில்லை, மணி கேட்டுட்டு வைக்கிறன்.”

“மணியோ? ஓகஸ்டில இருந்து ஊரடங்கெல்லே. பூசை பின்னேரமே முடிஞ்சுது. ஆர் போய் அடிக்கிறது?”

வைக்க மனம் வரவில்லை. அக்காவும் வைக்கச் சொல்லவில்லை. அன்று வாசித்த கணக்கைச் சொன்னா. திருமுழுக்கு இவ்வளவு, கல்யாணம் இவ்வளவு. அடக்கம் என்று வந்ததும் பெயர் பெயராக. மூப்பரின் பெயர் வந்தபோது மூக்குறிஞ்சும் சத்தம் அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தெரியவில்லை. அட்டையில் இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது என்று ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் சொன்னது. அக்கா எழும்பிப் போய் ரிசீவரை யன்னலில் வைத்தா. ஒரு நாய் குரைத்தது. இன்னொரு நாய் தூரத்திலிருந்து பதில் சொன்னது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

அக்கா ரிசீவரை எடுத்தா. “பன்னிரண்டு தாண்டிட்டுது தம்பி. பிறந்திட்டுது போல.”