தம்பியின் தாடை போன பக்கம்

2023 ஆடித் திருவிழாவில், மலேசியாவில் எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு என் மகன் முதன்முதலாகப் பால்குடம் எடுத்தான். வீட்டில் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அப்போது வயது எட்டு. லயன் வீடுகளிலிருந்து கோயில் வரைக்கும் அரை மைல்கூட இருக்காது. பாதி வழியிலேயே பால் வலது தோளில் வழிந்து வேட்டி நனைந்துவிட்டது. "குடத்தை நேரா பிடிடா தம்பி" என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். குடத்தை அவன் நேராகத்தான் பிடித்திருந்தான். தலைதான் சாய்ந்திருந்தது.

அன்று இரவு கைப்பேசியில் இருந்த பழைய படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பாலர் பள்ளிப் பட்டமளிப்பு, தீபாவளி, போன வருடத்து வகுப்புப் படம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி: தலை கொஞ்சம் முன்னால் நீண்டு வலப்பக்கம் சாய்ந்திருக்கும், இடது தோள் ஒரு விரல் உயர்ந்திருக்கும், வாய் திறந்திருக்கும். இத்தனை நாளும் அதைச் சிரிப்பு என்று நினைத்திருந்தேன்.

"பைக்கட்டு பாரம்தான்" என்றார் என் மாமியார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பையை நிறுத்துப் பார்த்தால் 5 கிலோ. பிள்ளை 22 கிலோ. அதையும் ஒரே தோளில்தான் மாட்டிக்கொண்டு போவான்.

வாயைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைப் பார்த்தது பள்ளிக்கு வந்த பல் குழு. அவர்கள் கொடுத்தனுப்பிய சீட்டை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட் டவுனில் உள்ள அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனோம். நான் தோட்ட ஆபீசில் கிராணி (கிளார்க்). அரை நாள் லீவு எடுக்கவேண்டியிருந்தது. இவன் அப்பா செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறவர், குலை வெட்டும் நாளில் அவரால் வர முடியாது. அதனால் இந்த ஒன்றரை வருடமும் பெரும்பாலும் நானும் தம்பியும் மோட்டார் சைக்கிளில்தான் அலைந்தோம்.

கிளினிக்கில் இருந்த பல் மிசி (பல் நர்ஸ்) மலாய்க்காரப் பெண். தம்பி கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "கிகித், பெலான்-பெலான்" என்றார். மெதுவாகக் கடி என்று அர்த்தம். அவன் மெதுவாக வாயை மூடினான். பற்கள் முதலில் தொடும்வரை தாடை நடுவில்தான் வந்தது. தொட்டதும், சறுக்குப் பலகையில் சறுக்குகிற மாதிரி, கீழ்த்தாடை இடப்பக்கம் நகர்ந்து அங்கே போய் உட்கார்ந்தது. மேல் முன்பற்களின் நடுக்கோடு ஒரு இடத்தில், கீழ்ப்பற்களின் நடுக்கோடு வேறு இடத்தில். தினமும் மூன்று வேளை நான் ஊட்டிய வாய் அது. ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை.

இதற்குக் குறுக்குக் கடி என்று பெயர். சாதாரணமாக மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே, பெட்டிக்கு மூடி மாதிரி உட்காரவேண்டும். தம்பிக்கு மேல்தாடை குறுகலாக இருந்ததால் மேலும் கீழும் முனைக்கு முனை முட்டிக்கொண்டன. அப்படிக் கடித்தால் மெல்ல முடியாது. அதனால் பிள்ளை தனக்குத் தெரியாமலே தாடையை ஒரு பக்கம் தள்ளி, வசதியான இடத்தைத் தேடிக்கொள்கிறான். சின்ன வயதில் இது வெறும் பழக்கம்தான். வளர வளர எலும்பும் அந்தப் பக்கமே கோணலாக வளர்ந்துவிடலாம் என்பதால் சீக்கிரம் பார்க்கவேண்டும் என்றார் மிசி. ஈப்போவில் இருக்கும் பல் சீரமைப்பு நிபுணருக்கு ரெஃபரல் லெட்டர் எழுதித் தந்தார். முறை வரச் சில மாதங்கள் ஆகும் என்றும் சொல்லிவிட்டார்.

இந்தச் சில மாதங்களில்தான் நான் ஏமாறப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, உடம்பு நிலையைச் சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு தனியார் இடத்துக்குப் போனோம். தம்பியைச் சுவரில் கட்டம் போட்ட தாளுக்கு முன் நிறுத்திப் படம் எடுத்தார்கள். தோளில் ஒரு கோடு, இடுப்பில் ஒரு கோடு. "பல் கோணலா இருந்தா தாடை கோணலாகும், தாடை கோணலானா கழுத்து, கழுத்து போனா முதுகு. அப்புறம் கால் நீளம்கூட மாறிடும் மா" என்றார்கள். வாயில் மாட்ட ஒரு ரப்பர் பொருள், முதுகுக்கு ஒரு பட்டை, 20 தடவை சிகிச்சை, எல்லாம் சேர்த்து 3,800 வெள்ளி (ரிங்கிட்). இன்றைக்கே கட்டினால் விலையில் கழிவு உண்டாம்.

கேட்கும்போது அத்தனையும் பொருந்தி வந்தது. பால்குடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேனே! வீட்டில் கூட்டுப் பணம் எடுத்து வைத்திருந்தோம், கூரை மாற்றுவதற்கு. அதிலிருந்து கட்டிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். இவன் அப்பாதான், "அரசாங்க டாக்டர் ஒருத்தர் வாயால கேட்டுட்டு அப்புறம் கட்டுவோம்" என்றார்.

பல் கிளினிக்குக்கே திரும்பப் போய் அங்கிருந்த பல் டாக்டரிடம் கேட்டேன். அவர் தமிழர், இளம் வயது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வி முதுகைப் பற்றியது இல்லை. "அக்கா, ராத்திரி வாயைத் திறந்துகிட்டா தூங்குறான்? குறட்டை உண்டா?"

உண்டு. இரண்டும் உண்டு. வருடம் முழுவதும் மூக்கு அடைப்பு. காலையில் எழுந்தால் அடுக்கடுக்காகத் தும்மல்.

அப்புறம் அவர் விளக்கிய விதம் எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டி உட்கார்ந்து, உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது. வாயால் மூச்சு விடுகிற பிள்ளைக்கு நாக்கு கீழே இறங்கிக் கிடக்கும். முட்டுக் கொடுக்க ஆள் இல்லை, வெளியிலிருந்து கன்னம் அழுத்திக்கொண்டே இருக்கும். இப்படித்தான் மேல்தாடை குறுகலாக வளர வாய்ப்பு அதிகம். அதே பிள்ளை காற்றுப் பாதையை அகலமாக்கத் தன்னை அறியாமல் கழுத்தை முன்னால் நீட்டித் தலையை அண்ணாத்திக்கொள்ளும். ஆகவே பல்லும் தலையும் ஒன்றோடு ஒன்று சம்பந்தப்பட்ட மாதிரித் தெரிந்தாலும், இரண்டுக்கும் பின்னால் மூக்கு இருக்கலாம்.

தலை நிலைக்கும் முக வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு என்று 1977லேயே டென்மார்க்கைச் சேர்ந்த சோலோ, கிரைபோர்க் என்ற இருவர் ஒரு கருத்தை முன்வைத்திருக்கிறார்கள். தலை அண்ணாந்தே இருந்தால் முகத்துத் தோலும் தசையும் இழுபட்டு, தாடை முன்னோக்கி வளர்வதைத் தடுக்கும் என்பது அவர்கள் வாதம். கழுத்துக்கு மேலே இந்தத் தொடர்பைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே போனால் கதை வேறு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த பிள்ளைகளிடம் குறுக்குக் கடி கூடுதலாகக் காணப்படுகிறது என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. அதை வைத்து, பல்தான் முதுகை வளைத்தது என்றோ, பல்லை நேராக்கினால் முதுகு நேராகும் என்றோ யாரும் நிரூபித்ததில்லை. டாக்டர் இதைச் சுருக்கமாகவே சொன்னார்: "பல்லுக்காகப் பல்லைச் சரி பண்ணுங்க. முதுகை முதுகு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒண்ணுக்குப் பணம் கட்டினா இன்னொண்ணு சேர்ந்து வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

3,800 வெள்ளியை நான் கட்டவில்லை. அந்த வருடமே கூரையும் மாற்றிவிட்டோம்.

காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அக்டோபரில் முறை கிடைத்தது. ஒவ்வொரு தடவைக்கும் 5 வெள்ளிதான். மெல்லிய குழாய்க் கேமராவை மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். தம்பி என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. மூக்குக்குப் பின்னால் அடினாய்ட் என்கிற சதை வீங்கியிருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்கும் சதைதான். சின்ன வயதில் பெரிதாக இருந்து பதின்ம வயதில் சுருங்கிவிடும். இவனுக்கு அலர்ஜியும் சேர்ந்து பாதையை முக்கால்வாசி அடைத்திருந்தது. அறுவை என்று உடனே சொல்லவில்லை. தினமும் மூக்கில் அடிக்க ஒரு மருந்து, உப்பு நீரால் மூக்கைக் கழுவுதல், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். மூடிய அறைக்குள் இரவெல்லாம் கொசுவத்தி ஏற்றும் பழக்கத்தை நிறுத்திக் கொசுவலை கட்டினோம். தலையணை உறையும் போர்வையும் வாரா வாரம் சுடுதண்ணீரில் துவைத்தேன். அவன் கட்டிப்பிடித்துத் தூங்கிய, மாமியார் தைத்த பழைய பஞ்சுத் தலையணையைப் பிரித்து எடுப்பதற்குள் வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. மருந்தை ஒழுங்காக அடிக்கவும் நாங்கள் கற்றுக்கொள்ளவேண்டியிருந்தது. மூக்கின் நடுச் சுவரைப் பார்த்து அடித்தால் ரத்தம் வரும். குழாயைக் கொஞ்சம் வெளிப்பக்கம், கண்ணின் ஓரத்தைப் பார்த்துத் திருப்பி அடிக்கவேண்டும். இரண்டாவது மாதம் ஒரு இரவு குறட்டைச் சத்தம் கேட்கவில்லை. பயந்துபோய் எழுந்து மூக்கருகில் கை வைத்துப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. மூச்சு மூக்கில்தான் வந்துகொண்டிருந்தது.

முதுகைத் தனியாகக் காட்டினோம். டாக்டர் தம்பியின் சட்டையைக் கழற்றச் சொல்லி, முட்டி மடங்காமல் கைகளைச் சேர்த்துக் குனியச் சொன்னார். பின்னாலிருந்து பார்க்கும்போது ஒரு பக்க விலா மேடு தூக்கி நின்றால் முதுகெலும்பு முறுக்கியிருக்கிறது என்று சந்தேகப்படவேண்டும். இவனுக்கு இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. ஒரு பக்கமாகவே தலை சாய்கிற பிள்ளைக்குக் கண்ணையும் பார்க்கவேண்டும் என்று பார்வைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கண்ணிலும் குறை இல்லை. கழுத்துத் தசை ஒரு பக்கம் கொஞ்சம் இறுகியிருந்ததற்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். "வீட்டுப்பாடம் எங்க உக்காந்து எழுதுறான்?" என்று கேட்டார் பயிற்சி கொடுத்தவர். தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடி. நான்கு வருடமாக, அதே இடத்தில். இவன் அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமையே பலகை அறுத்து, அவன் முழங்கை உயரத்துக்கு ஒரு மேசை அடித்துவிட்டார்.

பல்லுக்கான முறை 2024 பிப்ரவரியில் வந்தது. மேல்தாடையின் இரண்டு பாதிகளும் சேரும் பொருத்து இந்த வயதில் இன்னும் இறுகியிருக்காது என்பதால் இப்போது அகலப்படுத்துவது சுலபம் என்றார் நிபுணர். மார்ச்சில், நடுவில் ஒரு குட்டித் திருகு வைத்த, கழற்றி மாட்டுகிற பிளேட் ஒன்றைத் தந்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை சாவி போட்டு நான்தான் கால் சுற்றுத் திருப்பவேண்டும். ஒரு திருப்பத்துக்குக் கால் மில்லிமீட்டர்.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். எச்சில் ஒழுகியது. 'ச' எல்லாம் 'த' ஆனது. வகுப்பில் ஒரு பையன் கிண்டல் செய்தான் என்று பிளேட்டைப் பையில் ஒளித்துவைத்தான். ஆசிரியையிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் அவர் தம்பியை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, சாவியும் திருகும் எப்படி வேலை செய்கிறது என்று அவனையே விளக்கச் சொன்னாராம். அதற்குப் பிறகு எல்லாரும் அதைப் பார்க்கக் கேட்டார்களே தவிர யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆசிரியைக்கு நான் கடமைப்பட்டவள்.

மே மாதம் பிளேட்டைத் தொலைத்தான். சாப்பிடும்போது டிஷ்யூவில் சுற்றி மேசையில் வைத்திருக்கிறான். கேண்டீனில் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். கேண்டீன் அக்காவும் நானும் கையுறை போட்டுக்கொண்டு மூன்று குப்பைப் பைகளைக் கிளறினோம். மீ கோரேங்கும் மைலோ டப்பாவும் கலந்து கிடந்த மூன்றாவது பையில் கிடைத்தது. உடையவில்லை. அதைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்யப் போன என்னை அந்த அக்காதான் தடுத்தார், அவர் மகளுக்கும் ஒரு காலத்தில் பிளேட் இருந்ததாம். சுடுநீர் பட்டால் பிளேட் கோணிவிடும்; பச்சைத் தண்ணீரும் பிரஷும்தான். அன்றிலிருந்து அவன் பையில் டிஷ்யூவே கிடையாது, ஒரு சிவப்பு டப்பாதான்.

டிசம்பரில் குறுக்குக் கடி சரியாகிவிட்டது. கண்ணாடியைப் பிடித்து மெதுவாகக் கடிக்கச் சொன்னால் தாடை நேராக வந்து நேராகவே நிற்கிறது. தலை முன்னால் நீள்வது நன்றாகக் குறைந்திருக்கிறது. மூக்கினாலா, மேசையினாலா, கழுத்துப் பயிற்சியினாலா என்று கேட்டால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே காலத்தில் மாற்றினோம். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். பிளேட் போடுவதற்கு முன்பே, மூக்கு திறந்ததுமே, தலை கொஞ்சம் நிமிர ஆரம்பித்துவிட்டது. இடது தோள் இன்னும் ஒரு நூல் உயரம்தான். உயரம் வேகமாகக் கூடும் வயது வரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை குனியவைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குத் தோட்டத்து டிஸ்பென்சரி போதும்.

இப்போது பிளேட் ராத்திரிக்கு மட்டும், பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க. திருகைத் திருப்புகிற வேலை எனக்கு இல்லை. சாவி மட்டும் சாமி மாடத்தில் இன்னும் இருக்கிறது. இந்த ஆடிக்கும் பால்குடம் எடுக்கிறேன் என்று தம்பி அவனாகவே சொல்லியிருக்கிறான்.