பின்வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸ்

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். காரைக்குடிப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டை அனுமதி பெறாமல் வாடகைக் கடையாக மாற்றினோம். அதற்குக் கட்டிய படி தெருவுக்குள் நீண்டுவிட்டது. இது எங்கள் தவறுதான். அதற்கான நோட்டீஸ், காலமாகி இருபது ஆண்டுகளான ஐயாவின் பெயரில் வந்து பின்கதவில் ஒட்டப்பட்டிருந்தது. முன்வாசலை மட்டுமே திறந்து விளக்கேற்றிப் போகிறவர் கண்ணில் அது படுவதற்குள் ஒன்பது நாள்கள் கழிந்துவிட்டன.

நோட்டீஸ் வந்தால் அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வந்தது என்பதையே முதலில் பாருங்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவில் வந்ததானால், அனுமதியின்றிக் கட்டியதை அகற்ற ஒரு மாதத்துக்குக் குறையாத கெடு இருக்கும். கட்டியதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்பதானாலும் அந்தக் கெடுவுக்குள்ளேயே கேட்க வேண்டும்.

வெளியூர்ப் பங்காளி ஒருவர் உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் 13ஆம் நாள் தீர்ப்பைக் காட்டி, கவலை வேண்டாம் என்றார். இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து, நேரில் விசாரித்து, அந்த விசாரணையைக் குறிப்பில் பதிய வேண்டும் என்றும், இறுதி உத்தரவுக்குப் பிறகும் 15 நாள் பொறுக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்வது உண்மையே. ஆனால் சாலை, நடைபாதை போன்ற பொது இடத்தில் கட்டியதற்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. எங்கள் படி நின்றது தெருவில். ஆகவே விசாரணைக்கு முன்பே அதை நாங்களே இடித்து, இடிப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டோம். கடைக்கு மட்டும் அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம்.

உண்மையில் பெரும்பாடு பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கியதுதான். பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான சொத்துக்காக ஒருவர் மட்டும் போய் நின்றால், 'மற்றவர்கள் சம்மதமா?' என்ற கேள்வியிலேயே அன்றைய விசாரணை நின்றுவிடும். சென்னையிலும் மலேசியாவிலும் இருப்பவர்களிடமிருந்து ஒப்புதல் கடிதம், வாரிசுச் சான்று, பட்டா, வரி ரசீது, உரிமம் பெற்ற பொறியாளரின் அளவு வரைபடம் ஆகியவற்றைச் சேர்த்து, எழுத்து மூலமான பதிலோடு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். தெரிந்தவரைப் பிடித்து வாய்ப்பேச்சில் முடித்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அலுவலர் மாறினால் வாய்ப்பேச்சு போய்விடும். கோப்பில் இருப்பதுதான் நிற்கும்.

வரிப் பதிவை ஐயாவின் பெயரிலிருந்து மாற்றித் தரும்படி அன்றே மனுவும் கொடுத்துவிட்டு வந்தோம்.