27 வயதில் ரிட்டையர்டு

பாலாற்று மணலில் பைக் ஓட்டிப் பழகியவன் நான். தண்ணீர் வராத ஆறுதான் காட்பாடிப் பையன்களுக்கு டிராக். 23 வயதில் காறை எலும்பு முறிந்து தகடு வைத்தார்கள். அதோடு சரி.

போன வாரம் மெக்கானிக் அண்ணன் கேட்டார்: "நல்லா சம்பாதிக்கிற வயசுல இந்த அமெரிக்க மண் டிராக் பைக் ரேஸ்காரனுங்க ஏன்டா ரேஸை விட்டுட்டுப் போறானுங்க?"

ரயன் வில்லோபோட்டோ 2015இல் விலகியபோது வயது 26. ரயன் டஞ்ஜி 2017இல் சூப்பர்கிராஸ் (ஸ்டேடியத்துக்குள் மண் கொட்டி நடத்தும் ரேஸ்) பட்டத்தை வென்ற கையோடு, 27இல். அதற்கு முன் ரிக்கி கார்மைக்கேல், அவரும் 27.

அமெரிக்காவில் சூப்பர்கிராஸ் ஜனவரி முதல் மே வரை. மூச்சு விடுவதற்குள் திறந்தவெளி மண் டிராக்கில் மோட்டோகிராஸ், கோடை முழுக்க. அதில் ஒரே நாளில் இரண்டு ரேஸ்; ஒவ்வொன்றும் 30 நிமிடம், மேலே 2 சுற்று. இதயம் கிட்டத்தட்ட உச்சத்திலேயே அடித்துக்கொண்டிருக்கும். முன்கை கல்லாக இறுகிப் போய் கிளட்ச் பிடிக்கவே வராது. (எனக்குப் பத்தே நிமிடத்தில் இறுகிவிடும், அது வேறு கதை.) விழுந்தால் எலும்பு. அது கூடியதும் மறுபடி டிராக். பலர் ஐந்தாறு வயதிலேயே பைக் ஏறியவர்கள்.

"அப்போ இருபது வருஷ சர்வீஸா? பென்ஷனே தரலாமே" என்றபடி அண்ணன் ஸ்பேனரை எடுத்தார்.