மழைக்கு விழுந்த ட்ரிப் சுவிட்ச்

பதினொரு நாளாகப் போக்குக் காட்டிய பழுதை ஒருவழியாகப் பிடித்துவிட்டேன். பிடிபட்டது 0.67 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரே ஒரு செப்பு இழை.

கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் அம்மாவின் வீட்டு வயரிங்கை ஓகஸ்டில் நான் இழுத்தேன். உரிமம் பெற்ற மின்னியலாளர் அண்ணா ஒருவர் கூடவே நின்று, முடிவில் முழுவதையும் சோதித்தார். நிலத்தில் அடித்த எர்த் கம்பிக்கும் மண்ணுக்கும் இடையிலான தடையை மீற்றர் போட்டு அளந்தார், 76 ஓம். “மண் காய்ந்து கிடக்கிறது தம்பி, மழை பெய்தால் இறங்கும்” என்றார். செப்டெம்பரில் குளிர்சாதனப் பெட்டிக்காகக் குசினியில் இன்னொரு பிளக் பேஸைக் கூட்டினேன். அதை அவரிடம் காட்டவில்லை. ஒரு மாதம் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள், மின் கசிந்தால் தானே அறுக்கிற ட்ரிப் சுவிட்ச் விழத் தொடங்கியது. பகலில் தண்ணீர் மோட்டாரைப் போட்டால் விழும். இரவு ஏழு மணிக்கு ஒன்றையும் போடாமலே விழும். சுவர் ஊறிவிட்டது என்றார் மேசன். மோட்டார்தான் என்று நான் நினைத்தேன். கழற்றிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில் சுருளில் பழுதே இல்லை. பக்கத்து வீட்டு மாமா, “அந்தச் சனியனைக் கழற்றிவிட்டு நேரே கொடு” என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே இல்லை. 30 மில்லியம்பியர் கசிந்தாலே அறுக்கிற அந்த ட்ரிப் சுவிட்சை நம்பித்தான் அம்மா ஈரக் கையோடு குசினியில் நிற்கிறார்.

பிரேக்கர்கள் எல்லாவற்றையும் இறக்கிவைத்தும் விழுந்தபோதுதான் துப்புக் கிடைத்தது. எங்கள் பிரேக்கர்கள் உயிர்க்கம்பியை மட்டுமே துண்டிக்கும். மின் திரும்பிப்போகும் நொதுமல் கம்பி அப்படியே தொடுப்பில் இருக்கும். அப்படியானால் எங்கோ நொதுமல், எர்த்தைத் தொடுகிறது. மெயினை இறக்கி, டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் வைத்துச் சரிபார்த்துவிட்டு, நொதுமல் சட்டத்திலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்தோடு வைத்து மல்டிமீற்றரில் பார்த்தேன். பேஸ்களைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பிளக் வளையத்தின் வயரில் மீற்றர் கத்தியது. வளையத்தை நடுவில் பிரித்து, ஒரு பாதி, பிறகு அதன் பாதி என்று வந்ததில் குசினிக்குக் கிளை எடுத்த பேஸில் போய் நின்றேன்.

இனி அந்தப் பேஸைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வளையத்தில் வழக்கமாகப் பேஸின் நொதுமல் துளைக்குள் இரண்டு வயர். கிளை எடுத்ததால் மூன்று. ஏழு இழை வயர் மூன்று என்றால் இருபத்தொரு இழை. நான் அவற்றைச் சேர்த்து முறுக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்திருந்தேன். இருபது உள்ளே போய்விட்டது. ஒன்று துளையின் விளிம்பில் மடிந்து, பின்பக்கமாக வளைந்து, எர்த் வயரைத் தொட்டுக்கொண்டு நின்றது. எர்த் வயரையும் தேவைக்கு மேல் அரை அங்குலம் உரித்திருந்தேன். இரண்டும் என் கைத்தவறு.

இழையை விலக்கிய பின் இரவு ஏழு மணிக்கு நொதுமலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தேன்: 2 வோல்ட். ஊரே சமைக்கிற நேரம், கம்பத்திலிருந்து வரும் நீண்ட நொதுமலில் அவ்வளவு ஏறுகிறது. மண் காய்ந்திருந்தபோது அந்த இழை வழியாக எர்த்துக்கு ஓடக்கூடியது, 2 வோல்ட்டை 76 ஓமால் வகுத்தால், 26 மில்லியம்பியர். சுவிட்ச் விழுந்தாலும் விழலாம், விழாமலும் இருக்கலாம். மழைக்குப் பிறகு அண்ணா வந்து அளந்தபோது எர்த் 31 ஓம். இப்போது கணக்கு 65 மில்லியம்பியர். எல்லாரும் ஈரம் கெடுத்தது என்றோம். ஈரம் எர்த்தைத் திருத்தியிருக்கிறது. வறட்சி மறைத்துவைத்திருந்த பழுதை மழை காட்டிக்கொடுத்தது. இது விளங்கிய இரவு எனக்கு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோசம்.

இப்போது நான் செய்கிற விதம்: 12 மில்லிமீற்றருக்கு மேல் உரிப்பதில்லை. இழையில் கீறல் விழுந்தால் வெட்டிவிட்டு மறுபடி. வயர்களைச் சேர்த்துக் குறட்டால் வலஞ்சுழியாக முறுக்கி, இழை எதுவும் வெளியே நிற்காமல் விரலால் தடவிப் பார்த்து, திருகியபின் ஒவ்வொரு வயரையும் தனித்தனியே இழுத்துப் பார்க்கிறேன். எட்டுப் பேஸையும் கழற்றி இப்படியே பூட்டினேன். ஒன்றுகூட அசையவில்லை. இன்னும் ஒரு துளையில் மூன்று வயர் இருப்பது உறுத்துகிறது. அதைச் சந்திப் பெட்டிக்கு மாற்ற வேண்டும்.

வயர் வாங்குபவர்களுக்கு ஒன்று. 7/0.67 (ஏழு இழை, ஒவ்வொன்றும் 0.67 மில்லிமீற்றர்) என்று நகரக் கடையொன்றில் தந்த சுருளின் இழையை வெர்னியரில் பிடித்தேன், 0.55 கூட வரவில்லை. திருப்பிக் கொடுக்கப் பெரும் வாக்குவாதம். எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையைப் பார்த்ததோடு நிற்காமல் ஒரு முனையை உரித்து அளந்துவிட்டு வாங்குங்கள். பிறகு வவுனியாவில் வாங்கிய சுருள் சரியாக இருந்தது.

அடுத்து மாட்டுக்கொட்டிலுக்கு ஒரு விளக்கு. ஆளியை வீட்டுப் பின்வாசலில் வைத்து, உயிர்க்கம்பியை அங்கேயே துண்டிக்கிற மாதிரி. தொண்ணூறுகளில் இதே கொட்டிலுக்கு அம்மா ஜாம் போத்தல் விளக்கோடு போவார். மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்கத் திரியைச் சிறிதாக்கிவிடுவார். குழாயும் வளைவுகளும் வாங்கிவிட்டேன். குசினிப் பேஸின் முகத்தகடு இன்னும் பூட்டப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணா வந்து பார்த்த பிறகுதான் மூடுவேன். அதுவரை அந்த வளையத்தின் பிரேக்கர் இறங்கியே இருக்கிறது.