கிளினிக் கொப்பி

03.02.2025
அரிவு வெட்டு மெசினுக்குச் சொல்லியாயிற்று. எனக்கோ மாதவிலக்கு ஒன்பதாம் நாளும் நிற்கவில்லை. மணித்தியாலத்துக்கு ஒரு பாட், கட்டி கட்டியாகப் போகிறது. கிணற்றடியில் தலை சுற்றி அப்படியே இருந்துவிட்டேன். "நிக்கப்போற வயசு, அப்பிடித்தான்" என்றா மாமி. 46 வயதில் நானும் ஒரு வருசமாக அதையே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

06.02.2025
மருத்துவமாது வந்து என் கண் இமையை இழுத்துப் பார்த்தா. "அக்கா, ஏழு நாளைத் தாண்டினால் சும்மா விடக்கூடாது." சுகவனிதையர் கிளினிக்கில் கர்ப்பப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு 35 வயதிலும் 45 வயதிலும் கூப்பிடுவார்கள். 45க்கு நான் போகவில்லை. வெட்கம் என்று எழுதலாம். உண்மையில் அன்றைக்கு உளுந்து பிடுங்கினது.

13.02.2025
கிளிநொச்சி பெரியாஸ்பத்திரி. ஈமோகுளோபின் 7.8, இரத்தம் குறைவு. ஸ்கானில் கர்ப்பப்பைச் சுவருக்குள்ளே 4 சென்ரிமீற்றர் ஃபைப்ரொயிட். தசைக்கட்டிதான், புற்றுநோய் மாதிரித் தெரியவில்லை என்றா டொக்டர். வயது 45 தாண்டியதால் மெல்லிய குழாயை விட்டு உட்சவ்வில் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினா. அடிவயிற்றை ஒருமுறை பிசைந்து விட்டது, அவ்வளவுதான்.

"எடுத்து விடுங்கோ டொக்டர், பிள்ளையள் பெத்தாச்சு" என்றேன்.
"அது கடைசிக் கதை. முதலில இருந்து கேளுங்கோ."

கேட்டேன். இரத்தம் போகும் நாட்களில் மட்டும் போடுகிற ட்ரனெக்சாமிக் அமிலக் குளிசை. அது போக்கைக் குறைக்கும், கட்டியைக் கரைக்காது. கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹோர்மோன் லூப் வருசக் கணக்கில் வேலை செய்யும், முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படும். கட்டியை மட்டும் எடுக்கிறதும் உண்டு, திரும்ப முளைக்கலாம். கர்ப்பப்பையையே முழுதாக எடுத்தால் பிரச்சினை முடியும், ஆனால் ஆறு கிழமை பாரம் தூக்கக்கூடாது. ஆறு கிழமை! தண்ணீர் ஆர் அள்ளுவது? இன்னொன்றும் சொன்னா: மாதவிலக்கு முற்றாக நின்றால் இந்தக் கட்டிகள் பெரும்பாலும் தானாய்ச் சுருங்கும்.

16.02.2025
இரும்புச் சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கி வந்திருக்கிறேன். தேத்தண்ணி சத்தை உடம்பில் சேரவிடாதாம். இனித் தேசிக்காய்த் தண்ணிதான். மலம் கறுத்துப் போகும் என்று முன்னமே சொன்னது நல்லது, இல்லாவிட்டால் பயந்திருப்பேன்.

06.03.2025
சோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. லூப் போட்டாயிற்று.

20.03.2025
கொப்பியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாமி மெல்லக் கேட்டா: "அடியில இறங்கினதுக்கும் அங்க பாப்பினமோ?" கர்ப்பப்பை கீழே இறங்கி, ஏழெட்டு வருசமாகத் துணியை அடைத்துக்கொண்டு நடக்கிறாவாம்! 2009 முகாமில் பக்கத்துப் பக்கத்திலே படுத்தோம், ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்துத்தான் துணி காயப்போட்டோம். இன்னும் அதே பழக்கம்.

ஒப்பரேசன் இல்லாமலும் வளையம் வைத்துத் தாங்கலாம், சில மாதத்துக்கு ஒருக்கால் மாற்றுவார்கள் என்று மருத்துவமாது சொன்னதைச் சொன்னேன்.

"வளையமோ? தங்கமோ?"
"றப்பர் மாதிரி, மாமி."
"அப்ப அடைவு வைக்கேலாது" என்று வெற்றிலையை மடித்தா. வியாழக்கிழமை இருவருமாகப் போகிறோம்.