கேமராவில் விழுந்த மலைமாடு

2022 பிப்ரவரி. மதுரை மாவட்டத்தின் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் சாப்டூர் காட்டுக்குள் ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில், வனத்துறை அனுமதியோடு நாங்கள் கட்டியிருந்த கேமராவின் படங்களை மதுரை அலுவலகத்தில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் 4 மணிக்கு எட்டு மலைமாடுகள், அதாவது ஊர்க்காரர்கள் மலையில் மேய்க்கிற மாடுகள், தண்ணீர் குடிக்கின்றன. ராத்திரி 2 மணிக்கு அதே இடத்தில் ஒரு மிளா, கடமான் என்றும் சொல்வார்கள். மாடு மிதித்த சேற்றிலேயே முன்கால் புதைய நின்று, காதை மட்டும் பின்னால் திருப்பியிருக்கிறது.

"பாருங்க, மாடு வந்து வந்து மிளாவை ராத்திரிக்குத் தள்ளிருச்சு" என்றார் சார். ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் நின்ற அக்கா தாவரவியல் படித்தவர். "ரெண்டும் ஒரே தண்ணியத்தானே சார் குடிக்குது" என்றார்.

அந்தப் படத்துக்குக் கீழே அறிக்கையில் என்ன எழுதுவது என்பது என் வேலை. எழுதி முடிக்குமுன் மார்ச் வந்துவிட்டது. வனத்தில் கால்நடை மேய்க்கவே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்புறம் அதே மாதத்திலேயே அது தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருங்கியது. எங்கள் சாப்டூர் அந்தச் சுருக்கத்துக்குள்ளும் இருந்தது. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் அதுவும் சேர்த்தி. அதுவரை அலுவலகப் பேச்சாக இருந்தது, ஒரு ஊரின் பிழைப்பாக மாறிவிட்டது.

சார் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. புல் துளிர்க்கட்டும் என்று யாரோ வைத்த தீயில் ஒரு மலைச்சரிவே கருகிக் கிடந்ததைப் பார்த்தவர். கோமாரி வந்த மாடு குடித்த தண்ணீரைக் காட்டுமாடும் குடிக்கும் என்பது அவருக்குத் தூக்கம் கெடுக்கிற விஷயம். "வருசநாட்டு மலையிலதான் வைகை பொறக்குது. அந்தக் காடு போச்சுன்னா மதுரைக்குத் தண்ணி ஏது?" என்பார். அக்காவுக்கோ 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் உரிமையாகச் சொல்கிறது என்பதுதான் ஆரம்பம். கேட்காமல் விரட்டினால் நாளைக்குத் தீப்பிடித்தால் சொல்ல ஆள் வராது என்பது முடிவு. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயிலுக்கு ஏறுகிற கூட்டத்தை விட்டுவிட்டு மாட்டுக்காரரை மட்டும் பிடிப்பானேன் என்றும் கேட்பார். அதற்கு சாரிடம் நல்ல பதில் இருந்ததில்லை. என்னிடமும் இல்லை.

இருவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் வெவ்வேறு ஆட்களைப் பற்றிய உண்மை என்று எனக்குப் பட்டது. டவுனில் இருந்துகொண்டு கூலிக்கு ஆள் வைத்து மாடுகளைக் காட்டில் அடைப்பவரும் உண்டு. இருபது மாட்டைத் தலைமுறையாக ஓட்டிப் போகிறவரும் உண்டு. சட்டப் பேச்சில் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்.

அடிவாரத்தில் ஒரு தொழுவுக்குப் போனோம். பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். கொம்பைப் பார்த்தே எந்த மாடு யாருடையது என்று சொன்னார். மிளாப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, தீப்புடிச்சா மொதல்ல தழைய ஒடிச்சுக்கிட்டு ஓடுறது நாங்கதான். அது இந்தப் படத்துல விழுகாதா?"

சார் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்சம் கழித்து, "மாட்டுக்கு ஊசி போட்டீங்களா?" என்று கேட்டார். இங்கே வரை யாரும் ஏறி வந்து போடுவதில்லை என்றார் பெரியவர்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவை அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். சரணாலயத்திலும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட நடவடிக்கை எடுக்க வேண்டியது தலைமை வன உயிரினக் காப்பாளரின் பொறுப்பு. ஊசி போடாத மாட்டைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகவும் கூடாது. முதல் பாதி நடந்ததா என்று பார்க்காமல் இரண்டாம் பாதியை மட்டும் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தடை நல்லதா கெட்டதா என்பதில் பிரிந்து நின்ற சாரும் அக்காவும் இந்த ஒரு இடத்தில் சேர்ந்தார்கள். தடுப்பூசி முகாம் கேட்டு எழுதிய கடிதத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். தடை பற்றிய பக்கத்தில் மட்டும் இரண்டு கருத்துகளையும் தனித்தனியாகவே வைத்தேன். ஒன்றாக்கி மழுப்ப மனம் வரவில்லை.

படம் பாக்கி இருந்தது. மிளா இயல்பாகவே ராத்திரியில் நடமாடுகிற மிருகம். மாடு தள்ளியதா, அதன் பழக்கமே அதுதானா என்று ஒரு ஊற்றை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் மணியையும் எண்ணிக்கையையும் மட்டும் எழுதினேன். ஒப்பிட்டுப் பார்க்க மாடு போகாத ஊற்று ஒன்று வேண்டும். அடுத்த கோடையில், முழங்கால் வலியோடு பாறை பாறையாக ஏறி, அந்த இடத்தை எங்களுக்குக் காட்டித் தந்தது அந்தப் பெரியவர்தான். கேமராவைக் கட்டும்போது மரத்தைப் பிடித்துக்கொண்டது சார்.