ஷெஃபீல்ட் மில்ஸ் நிறுத்தம்: மூன்றாவது மாத வேலை

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கிறது ஷெஃபீல்ட் மில்ஸ் என்ற சிற்றூர். கென்ட்வில்லிலிருந்து கடலோரக் கிங்ஸ்போர்ட்டுக்கு 1890இல் ஓடத் தொடங்கிய கார்ன்வாலிஸ் வேலி (பள்ளத்தாக்கு) ரயில்பாதையில் ஒரு நிறுத்தம். அதை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, ஒரு பலகைமேல் மாதிரியாகச் செய்துவருகிறேன்.

முதல் மாதம் ஸ்டேஷன் கட்டடத்தை முடித்துப் பலகையின் நடுவில் ஒட்டினேன். போன வாரம் அதைப் பெயர்த்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். அந்தப் பள்ளத்தாக்கின் ரயிலுக்குப் படியளந்தது ஆப்பிள். அதனால் நடு இடம் ஆப்பிள் கிடங்குக்குத்தான்.

கிடங்கு தண்டவாளத்தை ஒட்டியே நிற்கும். ஒரு பக்கம் தோட்டத்து வண்டிகள் வரும். உள்ளே தரம்பிரித்துப் பீப்பாயில் அடைப்பார்கள். மறுபக்கக் கதவு வழியாக நேரே ரயில்பெட்டிக்குள் உருட்டிவிடுவார்கள். அப்புறம் ஹாலிஃபாக்ஸ் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் லண்டன், லிவர்பூல். குளிர்காலத்தில் பக்கத்து மைனஸ் வளைகுடாவில் பனிக்கட்டி சூழ்ந்துவிடும், ஹாலிஃபாக்ஸ் உறையாது. கிடங்கின் இரட்டைச் சுவருக்கு இடையே மரத்தூள் அடைத்திருந்ததால் உள்ளே ஆப்பிளும் உறையாது. அறுவடையை மொத்தமாகத் தள்ளிவிடாமல், குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்ப முடிந்தது. எனக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு பிடித்துப்போனது. வெளியே தெரியாது என்றாலும் என் அட்டைச் சுவரையும் இரட்டையாகவே வைத்து, நடுவில் மரத்தூளைக் கொட்டியிருக்கிறேன்.

பீப்பாய்தான் பாடாய்ப் படுத்தியது. நிஜத்தில் ஏறக்குறைய 70 செ.மீ. உயரம், என் கணக்கில் 8 மி.மீ. முதலில் மூங்கில் குச்சியை அப்படியே துண்டு போட்டேன். வயிறு இல்லாத பீப்பாய் வெறும் கட்டை மாதிரி இருந்தது. பிறகு குச்சியை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, இரண்டு முனையையும் உப்புத்தாளால் இழைத்தேன். சரியாக வந்தது. வளையத்துக்குத் தையல் நூல்.

காலம் 1930களின் அக்டோபர் என்று முடிவுசெய்துவிட்டேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் சந்தை கைவிட்டுப்போனது; பின்னால் ஏராளமான மரங்களை வேரோடு பிடுங்கினார்கள். கிங்ஸ்போர்ட் வரை போன தண்டவாளமும் 1960களின் தொடக்கத்தில் போய்விட்டது. என் பலகையில் மரங்கள் காய்த்துத் தொங்க வேண்டும்.

இதுவரை 46 பீப்பாய். ஒரு பெட்டியின் கதவோரமாவது நிறைய இன்னும் நூறு தேவை. கிரேவன்ஸ்டைன் ஆப்பிளின் மஞ்சள் கலந்த சிவப்புக்கு அடுத்த வாரம் வண்ணம் கலந்து பார்க்கப்போகிறேன்.